பேரில்லாத கிரேக்க வீரனுக்கு ஒன்பது மதிப்பெண்

விடைத்தாள் இப்போதெல்லாம் கட்டாக வருவதில்லையாம். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரைக்கு அனுப்புகிறார்களாம். கேள்விக்குக் கேள்வி மார்க்கைத் தட்டிவிட்டால் கூட்டல் தானாக விழுந்துவிடுகிறதாம். எங்கள் வரலாற்றுத் துறைக்கு இப்போது தலைவராக இருக்கும் லாவண்யா போன வாரம் சேலையூர் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். புதிதாக விடைத்தாள் திருத்த வருகிறவர்களுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு நான் எழுதவேண்டுமாம்.

"கையால திருத்தின காலத்தைப் பத்தி எழுதுங்க மேடம். உங்களுக்குக் கூட்டல் ஒரு தடவைகூடத் தப்பினதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதை எழுதுங்க."

தப்பினதில்லைதான். முப்பத்தொரு வருஷ சர்வீசில் ஒரு தாள்கூடக் கூட்டல் பிழை என்று என்னிடம் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை. நான் அடக்கமான பொம்பளை என்று தாம்பரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கூட்டலைத்தான் இப்போது மெஷினே பார்த்துக்கொள்கிறதே, அதை எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்? மெஷின் பார்த்துக்கொள்ளாத ஒன்றை எழுதுகிறேன். அதில் நான் மாட்டிக்கொண்டேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிசில்லை. எம்.ஏ., எம்.ஃபில்., முடித்தேன். பொழிச்சலூரிலிருந்து பஸ் பிடித்துப் பல்லாவரம், அங்கிருந்து ரயிலில் தாம்பரம் என்று காலேஜுக்கு வந்துபோனேன். தமிழ்வழி பி.ஏ. வகுப்புக்கு உலக நாகரிகங்கள் பாடம். சேர்ந்த மூன்றாவது வருஷமே திருத்தும் முகாமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்.

முகாம் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். மே மாத வெயில். ஒரு ஹாலில் பத்துப் பன்னிரண்டு மேசை. மேசைக்கு ஆறு பேர் திருத்துவோம். ஆறு பேருக்கும் மேலே ஒருவர், அவர்தான் முதன்மைத் தேர்வாளர். எங்களுக்குச் சிவப்பு மை, அவருக்குப் பச்சை மை. காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. தாளில் பேர் இருக்காது, பதிவெண் இருக்காது, முகாமில் போட்ட ஒரு பொய் எண்தான் இருக்கும். ஒவ்வொரு விடைக்கும் ஓரத்தில் மார்க் போட்டு வட்டமிட வேண்டும். முதல் பக்கத்துக் கட்டத்தில் அதை ஏற்றவேண்டும். கூட்டி எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதி, 'மட்டும்' என்று முடித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த 'மட்டும்' விட்டுப்போனால் எங்கள் முதன்மைத் தேர்வாளர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் பேர் எஸ்தர் மேடம். நாங்கள் எல்லோரும் நடுங்குவோம். இத்தனைக்கும் அந்த அம்மா குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, நாற்காலிக்கு வீட்டிலிருந்தே கொண்டுவந்த ஒரு சின்ன மெத்தை, பச்சை மைப் பேனா இரண்டு. சாப்பிடும்போது மார்க் பேச்சு எடுக்கக்கூடாது. தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் கேட்பார், சிரிப்பார். மேசைக்குத் திரும்பினால் அது வேறு ஆள்.

யார் தப்புச் செய்தாலும் 'தப்பு' என்று சொல்லமாட்டார். தாளைத் திறந்து அந்த விடையைக் காட்டி, "படிங்க" என்பார். அவ்வளவுதான். நாம் எழுந்து நின்று அந்த விடையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படிக்கவேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். படித்து முடிப்பதற்குள் நமக்கே தெரிந்துவிடும், எங்கே கோட்டை விட்டோம் என்று. இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. பெரிய கேள்விக்கு யாராவது பூஜ்யம் போட்டால் அந்தத் தாளைக் கட்டாயம் பார்ப்பார். "ஒரு மார்க் போட யோசிக்காதீங்க. பூஜ்யம் போடும்போது யோசிங்க" என்பார்.

எஸ்தர் மேடம் ரிடையர் ஆகப்போகிற வருஷம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அடுத்த வருஷம் அவர் நாற்காலிக்கு யார் என்று பேச்சு வந்தபோது, "கற்பகம்" என்று என் பேரைத்தான் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பச்சை மைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? வீட்டில்கூட இரண்டு பச்சைப் பேனா வாங்கி வைத்துவிட்டேன்.

முகாமின் நான்காம் நாள் மத்தியானம் ஒரு கட்டு வந்தது. அது சாதாரணக் கட்டு இல்லை. படிப்பு முடிந்து வருஷக்கணக்கில் ஆகியும் அரியர் தீராமல் நின்றுபோனவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு சிறப்பு வாய்ப்பு கொடுத்திருந்தது. அதுதான் கடைசி. இதிலும் போனால் டிகிரி இல்லை, இனி எழுதவும் முடியாது. எழுபத்தைந்துக்கு முப்பது எடுத்தால் பாஸ்.

நான் அன்றைக்கு வேகத்தில் இருந்தேன். ஹாலிலேயே முதலில் கட்டை முடிக்கிறவள் என்று எனக்கு ஒரு பேர். டீ கொண்டுவரும் முனுசாமி வேறு, "இன்னா மேடம், அல்லாரும் பாதிகூடத் தாண்டல, நீங்கோ முட்ச்சிகினு கீறீங்கோ" என்று ஏற்றிவிடுவான். எனக்குக் குளிர்ந்துபோகும்.

அந்தக் கட்டில் ஒரு தாள். பழக்கம் விட்டுப்போன கையெழுத்து, கோணல் மாணலாக. மற்ற கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இருபத்து மூன்று வந்திருந்தது. பாக்கி ஒரே ஒரு பதினைந்து மார்க் கேள்வி: 'கிரேக்க வீரயுக நாயகன் ஒருவனின் குணநலன்களை மதிப்பிடுக.' பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியிலேயே ஒரு சினிமா நடிகர் பேர் கண்ணில் பட்டது. கதிர்வாணன். அடுத்த பத்தியிலும் கதிர்வாணன். பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் கதிர்வாணன். எனக்குச் சினிமா என்றாலே ஆகாது. எங்கள் வீட்டுக்காரர் டி.வி. போட்டால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிற ஆள் நான். சுருசுருவென்று வந்தது. குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'பொருத்தமற்ற விடை' என்று எழுதி, பூஜ்யம் போட்டு வட்டமிட்டேன். மொத்தம் இருபத்து மூன்று மட்டும். ஃபெயில். பக்கத்தில் இருந்த குணசேகரன் சாரிடம் காட்டினேன். "கிரேக்க வீரனைக் கேட்டா சினிமா ஸ்டாரை எழுதி வச்சிருக்கு பாருங்க சார்." அவரும் சிரித்தார்.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. எஸ்தர் மேடம் அந்தத் தாளை எடுத்துவிட்டார்.

"கற்பகம், படிங்க."

எழுந்து நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, தைரியமாகத்தான் நின்றேன். நக்கலாகத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

"கிரேக்கத்தில் ஒரு மாவீரன் இருந்தான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவன் நம்ம கதிர்வாணன் மாதிரி." மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். "அந்த வீரன் பேர்..." என்று நிறுத்தினேன். ஏனென்றால் அந்த இடத்தில் பேர் இல்லை. இரண்டங்குலத்துக்கு வெறும் கோடு. ஞாபகம் வந்தால் எழுதலாம் என்று பிள்ளைகள் இடம் விடுவார்களே, அது. விடை முழுக்க ஏழெட்டு இடத்தில் அந்தக் கோடு இருந்தது. கடைசிவரை ஞாபகம் வரவே இல்லை போலிருக்கிறது. அதனால் அந்தப் பேரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாததா என்ன!

மேலே படித்தேன். "குழந்தையாக இருக்கும்போது அவனை அவன் அம்மா ஆற்றில் முக்கி எடுத்தார். ஆயுதம் உடம்பில் ஏறாது. கையால் பிடித்த குதிகால் மட்டும் நனையவில்லை. கதிர்வாணன் எல்லா ஃபைட்டும் சொந்தமாகச் செய்வார், முட்டி மட்டும் வீக். வீரனுக்கு இரண்டு வழி இருந்தது. ஊரிலேயே இருந்தால் நெடுநாள் வாழலாம், பேர் நிற்காது. போருக்குப் போனால் சீக்கிரம் சாவான், பேர் என்றைக்கும் நிற்கும். அவன் பேரைத் தேர்ந்தெடுத்தான். அந்தப் பேர்தான் எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

"படைத்தலைவன் அவனுக்குக் கொடுத்த பரிசைச் சபையில் வைத்துப் பிடுங்கிக்கொண்டான். வீரன் போருக்கு வரமாட்டேன் என்று கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் பொருளுக்கு ஆசைப்பட்டவன் இல்லை. கதிர்வாணன் பேரையும் ஒரு படத்தில் டைட்டிலில் இரண்டாவதாகப் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனாலும் மேக்கப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் ஒரே கோபம்தான். சேரவேண்டியதைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது."

பக்கத்து மேசைக்காரர்களும் பேனாவை வைத்துவிட்டார்கள். பிடுங்கப்பட்ட பரிசு ஒரு பெண் என்பதை அந்தப் பிள்ளை எழுதவில்லை. எங்கள் விடைக்குறிப்பும்தான் எழுதவில்லை, அது வேறு கதை.

"அவனுடைய நண்பன் அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு போருக்குப் போனான். எதிரி இவனை அவன் என்று நினைத்துக் கொன்றான். கதிர்வாணன் வராததால் அவருடைய டூப், அவருக்கும் நண்பர், அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பாலத்திலிருந்து குதித்தார். சட்டை போட்டவர் செத்தார். சட்டைக்காரர் அழுதார். மறுநாளே ஷூட்டிங்குக்கு வந்துவிட்டார். பழைய கோபம் போய்விட்டது, ஏனென்றால் அதைவிடப் பெரிய கோபம் வந்துவிட்டது. கிரேக்க வீரனும் இப்படித்தான் திரும்பிப் போனான். கடைசியில் குதிகாலில் அம்பு பட்டு இறந்தான். கதிர்வாணன் நன்றாக இருக்கிறார், நீடூழி வாழவேண்டும். இந்த இடத்தில் மட்டும் ஒப்பீடு பொருந்தாது."

முடித்துவிட்டு நின்றேன். எஸ்தர் மேடம் கண்ணைத் திறக்கவில்லை. அப்போது வாசலில் டீ கேனோடு நின்றிருந்த முனுசாமி, "கரீட்டா எய்திக்கீது மேடம்!" என்று சொல்லிவிட்டு, சொன்னபிறகு பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டான்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். "முனுசாமி, அந்த நடிகர் நெஜமாவே வீட்ல உக்காந்துட்டாரா?"

"ஆமா மேடம். ரெண்டு வருசம் வூட்லயே குந்திகினு இருந்தாரு. யாரு கூப்ட்டும் வர்ல. அந்த டூப்பு அண்ணன் பூட்டப்பறம்தான் வெளியவே வந்தாரு. நம்ம ஏரியாவே அழுதுச்சு மேடம்."

"சரி, டீ கொடு" என்றார். பிறகு என்னிடம், "கேள்விக்குப் பதில் இருக்கா, கற்பகம்?"

குணசேகரன் சார் எனக்காகப் பேசினார். நல்ல மனுஷன். "நாயகன் பேரே இல்லையே மேடம். பேரில்லாத விடைக்கு என்னன்னு மார்க் போடறது? பூஜ்யம்னு கற்பகம் மேடம் போட்டது நிக்கும்."

நிற்கும்தான். அவர் போட்டுக் கொடுத்த பாதையில் நான் போயிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரியுமே, பேர் இல்லை என்று பார்த்தா பூஜ்யம் போட்டேன்? படித்தால்தானே பேர் இல்லை என்பதே தெரிந்திருக்கும்!

"இருக்கு மேடம்" என்றேன். "நான் படிக்கல."

ஹாலில் அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்வதற்குள் காதெல்லாம் சூடாகிவிட்டது. விடைக்குறிப்பை எடுத்துவைத்து உட்கார்ந்து திருத்தினேன். நாயகன் பேருக்கு ஒரு மார்க், அது இல்லை. பிறப்பு, வளர்ப்புக்கு இரண்டு. தாய் தெய்வம் என்பதைச் சொல்லவில்லை, ஒன்று. வீரத்துக்கு மூன்று. போர்ச்செயல் எதுவும் இல்லை, ஒன்று. மானமும் கோபமும், நான்கு. நான்கும் முழுசாக. நட்புக்கு மூன்று. நண்பன் பேர் இல்லை, இரண்டு. முடிவுக்கு இரண்டு. எய்தவன் யாரென்று இல்லை, ஒன்று. மொத்தம் ஒன்பது. இருபத்து மூன்றும் ஒன்பதும் முப்பத்திரண்டு. பாஸ்.

தாளை நீட்டினேன். மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வாம்மா" என்று என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் 'நீங்க' என்கிறவர், தனியாக இருந்தால்தான் 'நீ' என்பார்.

"விதி தெரியும் இல்ல உனக்கு? ஏழு மார்க் வரைக்கும் மாத்த என் கையெழுத்து போதும். எட்டுன்னா தாள் முகாம் அலுவலர்கிட்ட போகணும். மாத்தினது மாறாது, நான்தான் ஒத்துக்கிட்டேனே. ஆனா ஏன் இவ்வளவு வித்தியாசம்னு நீ எழுத்துல விளக்கம் குடுக்கணும். அது உன் ஃபைல்ல ஏறும். ஏறினா அடுத்த வருஷம் என் நாற்காலி உனக்குக் கிடையாது."

"தெரியும் மேடம்."

"பிள்ளை பாஸாக ஏழு போதும். மானம், கோபம்னு நாலு போட்டிருக்கியே, அதை ரெண்டாக்கு. இருபத்து மூணும் ஏழும் முப்பது. அந்தப் பிள்ளைக்கும் டிகிரி கிடைச்சுடும். உனக்கும் ஒண்ணும் ஆகாது. யாருக்கு நஷ்டம் சொல்லு?"

இதை அவர் என்னைச் சோதிக்கச் சொன்னதாகப் பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள். சோதனையும் இல்லை ஒன்றும் இல்லை. என்மேல் அவருக்குப் பிரியம். நான் அந்த நாற்காலியில் உட்காரவேண்டும் என்று மனசார நினைத்தார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். முப்பது எடுத்தாலும் பாஸ், முப்பத்திரண்டு எடுத்தாலும் பாஸ். அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். நான்கை அடிக்கக் கை போயிற்று. சத்தியமாகப் போயிற்று. அந்த நான்குக்குப் பக்கத்தில்தான் அந்த வரி இருந்தது: சேரவேண்டியதைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

"முடியல மேடம்" என்றேன். "எதைக் குறைக்கச் சொல்றீங்கன்னு பாருங்க. இந்த வரியை எழுதின பிள்ளைக்கு இந்த வரியிலயே குறைச்சா நான் மனுஷியா?" அழுகை வந்துவிட்டது எனக்கு. கோபத்தில்தான். யார்மேல் என்று கேட்காதீர்கள்.

எஸ்தர் மேடம் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். வராந்தாச் சுவரிலேயே தாளை வைத்து, பச்சை மையில் 'ஒன்பது மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விளக்கத்தை நானே எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. 'விடையைப் படிக்காமல் பூஜ்யம் இட்டேன். பிழை என்னுடையது.' அவ்வளவுதான். முகாம் அலுவலர் அதைப் படித்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். கணக்குப் பேராசிரியர் அவர், சட்டென்று பிடித்துவிட்டார்.

"ஏழு போட்டிருந்தா இது என்கிட்டயே வந்திருக்காதே மேடம். வெறும் ரெண்டு மார்க்குக்காகவா?"

"அந்த ரெண்டு மார்க் என்னுது இல்லையே சார், நான் வச்சுக்க" என்றேன்.

அவர் முத்திரையைக் குத்திவிட்டு, "சரி, போங்க" என்றார். நான் போகவில்லை. அங்கே நிற்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. நான்கு நாளாக இதே வேகத்தில்தானே திருத்திக்கொண்டிருக்கிறேன்? இது மாட்டிக்கொண்டதால் தெரிந்தது. மேடம் பெரிய கேள்விப் பூஜ்யத்தை மட்டும்தான் பார்ப்பார். சின்னக் கேள்விகளுக்குப் போட்டதை யார் பார்த்தார்கள்?

"சார், என் கட்டெல்லாம் இன்னும் இங்கதானே இருக்கு? நான் போட்ட பூஜ்யமெல்லாம் திரும்பப் பார்க்கணும்."

"எல்லாமா? சீல் வச்சாச்சே மேடம்!"

"உடைக்கணும்னா அதுக்கும் ஒரு விளக்கம் எழுதித் தர்றேன் சார். நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் காலையில் கட்டுகளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். எஸ்தர் மேடம் தன் மெத்தையை எடுத்து வந்து என் பக்கத்து நாற்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு விடையையும் நான் வாய்விட்டுப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மத்தியானம் சாப்பிடக்கூட எழவில்லை.

அடுத்த வருஷம் குணசேகரன் சார்தான் முதன்மைத் தேர்வாளர். நான் அவர் மேசையில் சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். பச்சை மை எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இதில் எனக்கு ஒரு தலைகுனிவும் இல்லை. என் சர்வீசில் நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற நாட்கள் என்று எடுத்தால் அந்த இரண்டு நாள்தான்.

அன்றைக்குக் கட்டுகளிலிருந்து எடுத்தது பதினான்கு பூஜ்யம். பன்னிரண்டு பூஜ்யமேதான், ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. இரண்டு அப்படி இல்லை.